கரண்டு சைக்கிளும் ஒரு மிச்ச வாஷரும்

நம் ஊர் பஞ்சர் கடைக்காரர் சைக்கிள் சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை. கவனித்திருக்கிறீர்களா? சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்ப்பார், இல்லையென்றால் சுவரோரமாகச் சாய்த்து வைப்பார். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, உள்ளே இருக்கிற டியூபை உருவி வெளியே தொங்கவிடுவார். காற்றடித்து, பேசின் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கி, குமிழி வருகிற இடத்தைப் பிடித்துவிடுவார். உப்புத்தாளில் நாலு தேய்ப்பு, சொல்யூஷன், ஒரு ஊதல், ஒட்டு, சுத்தியலால் ரெண்டு தட்டு. டியூப் உள்ளே போய் டயரும் ஏறிவிடும். பத்துப் பதினைந்து நிமிஷ வேலை. இவ்வளவுக்கும் அச்சில் இருக்கிற நட்டை அவர் தொட்டிருக்கவே மாட்டார்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்தால் பஞ்சர் என்றதும் முதல் வேலையாகச் சக்கரத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். நம்முடைய சைக்கிளுக்கு அது ஒத்துவராது. பின் சக்கரத்தின் அச்சில் செயின், மட்கார்டு கம்பி, கேரியர் கம்பி, ஸ்டாண்டு என்று ஒரு குடும்பமே குடியிருக்கும். ஒரு சின்ன ஓட்டைக்காக அத்தனையையும் அவிழ்த்து மறுபடி கட்டுவது எந்தக் கடைக்காரருக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே கழற்றாமல் ஒட்டுகிற வித்தையை நம் ஆட்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

இந்தப் பழைய வித்தையை இப்போது சொல்லக் காரணம் கரண்டு சைக்கிள். பல்லாவரம்–குன்றத்தூர் ரோட்டில் காலை வேளையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், பெடலை மிதிக்காமலே ஒரு சைக்கிள் மெதுவாகத் தாண்டிப் போவதைப் பார்க்கலாம். அந்தச் சைக்கிளுக்குப் பஞ்சர் ஆனால் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம்.

நாலு ராத்திரி டூட்டி

கரண்டு சைக்கிள் பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. பம்மலில் அது பாதிதான் உண்மை. மோட்டார் 250 வாட் வரம்புக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் வரம்புக்குள்ளும் இருந்தால், 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமே கிடையாது. லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம். பெட்ரோல் போடவும் வேண்டாம். அதனால் முட்டி தேய்ந்துபோன வயதிலும் வேலைக்குப் போயே தீரவேண்டிய ஆட்கள் இதை வாங்குகிறார்கள்.

அப்படி ஒருவர். வயது ஐம்பத்தெட்டு. வீடு பம்மலில். வேலை, பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ராத்திரி வாட்ச்மேன். பஸ் கிடைக்கிற நேரமும் டூட்டி மாறுகிற நேரமும் ஒத்துவராது. இருபது வருஷமாகச் சாதா சைக்கிள்தான். முட்டி வலி வந்த பிறகு மகன் தவணையில் ஒரு கரண்டு சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். ஏழெட்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு நாள் பின் சக்கரத்தில் ஆணி.

வழக்கமான பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். மரத்தடிக் கடை. இருபது வருஷப் பழக்கம். கடைக்காரர் சக்கரத்தின் நடுவில் இருந்த பெரிய உருளையைப் பார்த்தார், அதிலிருந்து போகிற ஒயரைப் பார்த்தார்.

"அண்ணே, இது கரண்டு வண்டி. நான் கை வைக்க மாட்டேன்."

"பஞ்சர்தானே தம்பி?"

"பஞ்சர்தான். ஒயர் கியர் அறுந்துச்சுன்னா யாருண்ணே பதில் சொல்றது? கம்பெனிக்கே எடுத்துட்டுப் போயிடுங்க."

கம்பெனி என்றால் சர்வீஸ் சென்டர். அது ஊருக்குள்ளே, தூரத்தில். இருபது கிலோவுக்கு மேல் எடை இருக்கிற சைக்கிளை அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போக முடியாது. லோடு ஆட்டோ பிடிக்க வேண்டும். மகனுக்கு லீவு கிடைக்க வேண்டும். அங்கே வரிசை இருக்கும். எல்லாம் முடிந்து சைக்கிள் வீட்டுக்கு வர நாலு நாள். அந்த நாலு ராத்திரியில் ரெண்டு ராத்திரி அவரால் டூட்டிக்குப் போக முடியவில்லை, சம்பளம் பிடித்தார்கள். மற்ற ரெண்டு ராத்திரி ஆட்டோவுக்குக் கொடுத்த காசில் சம்பளத்தில் பாதி போய்விட்டது.

ஒரு வண்டியின் விலை கடையில் கொடுக்கிற பணத்தோடு முடிவதில்லை. அது நிற்கிற ஒவ்வொரு நாளும் ஒரு செலவு. சாதா சைக்கிளில் அந்தச் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம், ஏனென்றால் அடுத்த தெருவிலேயே ஒரு கடை இருக்கிறது. கரண்டு சைக்கிளில் அந்த அடுத்த தெருக் கடை காணாமல் போய்விட்டால், ஏழைக்கு வந்த ஒரு நல்ல வண்டி ஏழைக்குக் கட்டுப்படியாகாத வண்டியாக மாறிவிடும்.

அப்படியானால் கடைக்காரர் பயந்தது தப்பா? தப்பு என்று சொல்லிவிட முடியாது. அவர் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த உருளைக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

படுத்திருக்கும் சீலிங் ஃபேன்

இது புது வித்தை போலத் தோன்றும், ஆனால் ரொம்பப் பழசு. ஆக்டன் போல்டன் என்ற அமெரிக்கர் சைக்கிளின் பின் சக்கரத்து நடுவிலேயே மோட்டாரை வைத்து 1895 டிசம்பர் 31ஆம் தேதி காப்புரிமை வாங்கிவிட்டார். அதற்கேற்ற பேட்டரிதான் வர வேண்டியிருந்தது. அதற்கு நூறு வருஷம் ஆனது.

மற்ற மோட்டார்களில் வெளிக்கூடு நிற்கும், நடுத்தண்டு சுற்றும். தண்ணீர் மோட்டார், மிக்ஸி எல்லாம் அப்படித்தான். சக்கரத்து மோட்டாரில் நேர் எதிர். நடுத்தண்டு நிற்கும், வெளிக்கூடு சுற்றும். இதே வேலையைச் செய்கிற ஒன்று எல்லார் வீட்டிலும் தலைக்கு மேலே இருக்கிறது: சீலிங் ஃபேன். அதன் தண்டு உத்தரத்தில் அசையாமல் மாட்டியிருக்கிறது, றெக்கையோடு கூடு சுற்றுகிறது. ஒயர் அந்தத் தண்டின் நடுவிலேயே வருகிறது. அந்த ஃபேனைப் படுக்கவைத்து, றெக்கைக்குப் பதிலாக ஸ்போக்ஸ் கம்பியைக் கோத்து, அதன் மேல் ரிம்மும் டயரும் மாட்டினால் கரண்டு சைக்கிளின் பின் சக்கரம் தயார்.

இப்போது ஒரு கேள்வி. ஃபேன் ஓடும்போது தண்டு ஏன் சுற்றுவதில்லை? கூட்டை ஒரு பக்கம் தள்ளுகிற மோட்டார், தண்டை மறுபக்கம் அதே பலத்தோடு தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். தண்டு சுற்றாமல் இருப்பதற்குக் காரணம், அதை ஒரு போல்ட்டும் ஒரு பின்னும் குறுக்கே கோத்துப் பிடித்திருக்கின்றன. அவற்றை உருவிவிட்டால் தண்டும் திரும்பும், அதற்குள் இருக்கிற ஒயரும் முறுக்கிக்கொள்ளும்.

சைக்கிளில் அந்த வேலையைச் செய்வது ஒரு வாஷர்.

இருநூற்றைம்பது கிலோவும் ஒரு கொக்கியும்

சாதா சைக்கிளின் அச்சுக்குச் சுமை தாங்குகிற வேலை மட்டும்தான், அதைத் திருப்புகிற விசை எதுவும் இல்லை. அதனால் நட்டைச் சுமாராக முறுக்கினாலே போதும். போட்டி சைக்கிள்களில் நட்டே இருக்காது, ஒரு சின்ன லீவரைத் தட்டினால் சக்கரம் கையோடு வந்துவிடும். அதற்கு ஒரு கதை சொல்வார்கள். துல்லியோ கம்பக்னோலோ என்ற இத்தாலிக்காரர் 1927இல் ஒரு பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் கியர் மாற்ற வேண்டுமென்றால் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்ட வேண்டும். பனியில் விரல் விறைத்துப்போய் அவரால் நட்டைத் திருப்ப முடியவில்லை, பந்தயம் போய்விட்டது. அந்த ஆத்திரத்தில் உருவானதுதான் அந்த லீவர் என்பது கதை.

ஆனால் சக்கரத்து மோட்டாருக்கு அந்த லீவர் உதவாது. காரணம் ஒரு சின்னக் கணக்கில் தெரிந்துவிடும். மேடு ஏறும்போது இந்த மோட்டார் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே முறுக்கு எதிர்ப்பக்கமாக அச்சிலும் விழும். அச்சின் விட்டம் பெரும்பாலும் 12 மி.மீ. அவ்வளவு சின்ன விட்டத்தில் 30 நியூட்டன் மீட்டரைத் தடுத்து நிறுத்த வேண்டுமென்றால் இரண்டு ஓரத்திலும் எதிரெதிராக 2,500 நியூட்டன் வேண்டும். நம் பாஷையில் சுமார் 250 கிலோ. ஒரு புல்லட் வண்டியும் அதன் மேல் ஒரு ஆளும் உட்கார்ந்த எடை, சுண்டுவிரல் பருமன் உள்ள ஒரு கம்பியின் ஓரத்தில்!

இதைத் தாங்கத்தான் அச்சின் இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவியிருப்பார்கள். 12 மி.மீ. உருளை, தட்டையான இடத்தில் 10 மி.மீ. அந்தத் தட்டை முகம் ஃபிரேமின் பிளவுக்குள் சரியாக உட்காரும். அதன் மேல் ஒரு தனி வாஷர். அதன் ஓட்டை வட்டமாக இருக்காது, அச்சின் தட்டைக்கு ஏற்ற மாதிரி இருக்கும். ஓரத்தில் சின்னதாக ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கொக்கி ஃபிரேமின் பிளவுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். அச்சு திரும்பப் பார்த்தால் வாஷரைத் திருப்ப வேண்டும், வாஷர் திரும்பப் பார்த்தால் ஃபிரேமையே வளைக்க வேண்டும். இதுதான் ஃபேன் தண்டில் கோத்த பின்.

மரத்தடிக் கடைக்காரரின் கதைக்கு வருவோம். அதற்கு ஆறு மாதம் முன்னால் ஒரு காலேஜ் பையனின் கரண்டு சைக்கிளுக்கு அவர் டியூப் மாற்றிக் கொடுத்திருந்தார். எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஒரு வாஷர் மிச்சமாகிவிட்டது. சைக்கிள் வேலையில் ஒன்றிரண்டு வாஷர் மிச்சமாவது புதிதில்லை. அதைத் தகர டப்பாவில் போட்டுவிட்டார். சைக்கிளும் நன்றாகத்தான் ஓடியது. ரெண்டு நாள் கழித்து பையன் தள்ளிக்கொண்டு வந்தான். அச்சு திரும்பி, மோட்டார் ஒயர் முறுக்கி, வேரோடு அறுந்திருந்தது. மோட்டாரைப் பிரித்துத்தான் ஒயர் மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள். பாதிப் பணத்தைக் கடைக்காரர் தன் கையிலிருந்து கொடுத்தார். "இந்த வண்டியில ஒயர் ரொம்ப வீக்கு" என்று அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தார். அந்த முடிவுதான் வாட்ச்மேனின் நாலு ராத்திரி.

சர்வீஸ் சென்டரில் டியூபையே மாற்றியபோது வாட்ச்மேன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்னப்பா, கொக்கி மாதிரி?"

"அதாங்கய்யா முக்கியம். அது இல்லன்னா அச்சு சுத்திடும், ஒயர் அறுந்துடும்."

ஊருக்குத் திரும்பியதும் நேராக மரத்தடிக்குப் போனார். "தம்பி, அந்தக் காலேஜ் பையன் வண்டியில ஏதாச்சும் மிச்சம் ஆச்சா?" தகர டப்பாவைத் தரையில் கொட்டித் தேடினார்கள். கிடைத்தது. வட்டமில்லாத ஓட்டை, ஓரத்தில் கொக்கி. கடைக்காரர் அதை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பயப்பட வேண்டியது ஒயருக்கு அல்ல, வாஷருக்கு.

எப்போது கழற்ற வேண்டும், எப்போது வேண்டாம்

சாதாரண ஆணி, முள் பஞ்சருக்குக் கரண்டு சைக்கிளிலும் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. நம் கடைக்காரரின் பழைய வித்தை அப்படியே செல்லும். சாவியைத் திருப்பி, பேட்டரியை உருவி ஓரமாக வைத்துவிட்டு, டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, டியூபை வெளியே இழுத்து ஒட்டலாம். கவிழ்த்து வைக்கிறபோது ஹேண்டில்பாரில் இருக்கிற டிஸ்ப்ளேயும் ஆக்ஸிலேட்டரும் தரையில் நசுங்காமல் இரண்டு பக்கமும் கட்டை கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கழற்றியே ஆக வேண்டிய சந்தர்ப்பங்கள் சிலதான். வால்வு அடியில் டியூப் கிழிந்துவிட்டால் புது டியூப் போட வேண்டும். டியூப் ஒரு வளையம், அச்சை வெளியே எடுக்காமல் வளையத்தை உள்ளே விட முடியாது. டயர் தேய்ந்துவிட்டாலும் இதே கதை. பிரீவீல் பக்கத்து ஸ்போக்ஸ் உடைந்தாலும் கழற்ற வேண்டும். மோட்டார் சக்கரத்தில் எடையும் இழுவையும் கூடுதல் என்பதால் ஸ்போக்ஸ் விஷயத்தில் கொஞ்சம் உஷாராக இருப்பது நல்லது.

கழற்றுவது

தேவையானது ஒரு ஸ்பேனர். பெரும்பாலான மோட்டார் அச்சு நட்டு 18 மி.மீ. சைக்கிள் கடைப் பெட்டியில் அது பல சமயம் இருக்காது, ஆனால் ஹார்டுவேர் கடையில் 18–19 என்று ஒரே ஸ்பேனராகக் கிடைக்கும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய இரும்புச் சாமான் பரப்பியிருக்கிற இடத்தில் தேடினால் நல்ல கனமான ஸ்பேனரே கிடைக்கும். ஸ்க்ரூ ஸ்பேனர் வேண்டாம், நட்டின் மூலையை மழுக்கிவிடும். ஒயர் வருகிற பக்கம் பாக்ஸ் ஸ்பேனரும் போட வராது, ஒயர் அச்சின் நுனியிலிருந்தே வருவதால் வாய் திறந்த தட்டை ஸ்பேனர்தான் சரி.

முதல் வேலை, சுவிட்சை அணைத்து பேட்டரியை எடுத்துவிடுவது. இந்த சைக்கிள்களில் பெரும்பாலும் 36 வோல்ட்தான், முழு சார்ஜில் 42. காய்ந்த கையில் ஷாக் அடிக்கிற அளவு இல்லை. பயம் வேறு: தெரியாமல் ஆக்ஸிலேட்டரில் கை பட்டால் சக்கரம் சுற்றும், ஸ்போக்ஸுக்கு நடுவில் விரல் இருக்கும்.

இரண்டாவது, செல்போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்வது. எந்த வாஷர் எந்த வரிசையில், கொக்கி எந்தப் பக்கம், ஒயர் எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் படத்தில் தெரிய வேண்டும். அரை நிமிஷ வேலை, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் காப்பாற்றும்.

மூன்றாவது, ஒயரைப் பிரிப்பது. சக்கரத்திலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில் ஃபிரேமோடு சேர்த்து ஒரு ரப்பர் கனெக்டர் இருக்கும். கட்டியிருக்கிற பிளாஸ்டிக் டேகை வெட்டிவிட்டு, கனெக்டரின் இரண்டு பகுதியையும் பிடித்து நேராக இழுக்க வேண்டும். திருகவே கூடாது. உள்ளே மெல்லிய ஊசிகள் இருக்கின்றன, பல மாடல்களில் ஒன்பது. திருகினால் வளைந்துவிடும். ஒயரைப் பிடித்தும் இழுக்கக் கூடாது.

நான்காவது, கியர் உள்ள மாடலில் செயினை ஆகச் சின்ன பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்துவிட்டு இரண்டு நட்டையும் தளர்த்துவது. கழற்றுகிற வாஷர்களை அதே வரிசையில் ஒரு துண்டுக் கம்பியில் கோத்து வைத்துவிட்டால் மிச்சம் என்ற பேச்சே வராது. வலது பக்கத்துக்கு ஒரு கம்பி, இடது பக்கத்துக்கு ஒரு கம்பி. பிறகு செயினை ஒதுக்கிவிட்டு சக்கரத்தை உருவலாம். சாதா சக்கரத்தைவிடக் கனமாக இருக்கும், ஒரு கையில் தாங்கிக்கொண்டே எடுக்க வேண்டும், ஒயரில் தொங்கவிடக் கூடாது. டிஸ்க் பிரேக் இருந்தால் சக்கரம் வெளியே இருக்கிறவரை பிரேக்கைப் பிடிக்கக் கூடாது. ஆயில் பிரேக்காக இருந்தால் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், டிஸ்க் உள்ளே போகாது. ஒரு அட்டைத் துண்டை இடையில் செருகிவிடுவது நல்லது.

புது டியூப் போடுவதற்கு முன்னால் டயரின் உள்பக்கத்தை ஒரு தடவை துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். பழைய டியூபைக் குத்திய ஆணி அங்கேயே புதுசுக்காகக் காத்திருக்கலாம்.

மாட்டுவது

கழற்றுவதில் அவசரப்பட்டாலும் பரவாயில்லை, மாட்டுவதில் கூடாது.

சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, செயினைப் பல்லில் போட்டு, டிஸ்க்கை பேடுகளுக்கு நடுவில் விட்டு, அச்சைப் பிளவுக்குள் இறக்க வேண்டும். அச்சின் தட்டை முகம் பிளவோடு ஒத்துப்போனால்தான் இறங்கும். அது இரண்டு விதமாக இறங்கும், ஒயர் மேல்பார்க்க ஒன்று, கீழ்பார்க்க ஒன்று. கீழ்பார்ப்பதுதான் சரி. அப்போதுதான் மழைத் தண்ணீர் ஒயர் வழியாக வழிந்து கீழே சொட்டும், அச்சுக்குள் இறங்காது. அச்சு இரண்டு பக்கமும் பிளவின் கடைசிவரை போய் உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். கியர் இல்லாத, பிளவு பின்பக்கம் பார்த்த மாடலாக இருந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுத்து, செயின் நடுவில் அரை அங்குலம் ஆடுகிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கொக்கி வாஷர். படத்தைப் பார்த்து, கொக்கி பிளவுக்குள் முழுதாக இறங்கும்படி வைக்க வேண்டும். கொக்கி பிளவுக்கு வெளியே ஃபிரேம் மேல் ஏறி நின்றால், நட்டு முறுக்கியது போலவே தோன்றும், ஆனால் அது பொய். அதன் மேல் மற்ற வாஷர், பிறகு நட்டு.

இரண்டு பக்கத்து நட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ரிம் நடுவில் நிற்கிறதா என்று இடையிடையே பார்க்க வேண்டும். எவ்வளவு முறுக்குவது? கம்பெனி புத்தகத்தில் இருக்கிற அளவுதான் கடைசி வார்த்தை. பொதுவாக 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை சொல்வார்கள். அளக்கிற கருவி இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு சாண் நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 18 கிலோ அழுத்தம் கொடுத்தால் ஏறத்தாழ 35 வரும். சைக்கிளில் பெரிய அரிசி மூட்டை ஏற்றுகிற கைக்கு அந்த அளவு தெரியும். சாதா சைக்கிள் நட்டுக்குக் கொடுப்பதைவிட நிச்சயம் கூடுதல். ஆனால் ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஏறி மிதிக்கிற வேலை வேண்டாம், மரை போய்விடும்.

கடைசியாக கனெக்டர். இரண்டு பகுதியிலும் ஒரு அம்புக்குறி இருக்கும். அம்போடு அம்பு சேர வைத்து, நேராக, இடைவெளி இல்லாமல் அழுத்த வேண்டும். ஒயரைக் கொஞ்சம் தளர்ச்சியாக விட்டுப் புது டேக் கட்ட வேண்டும், டிஸ்க்கிலோ செயினிலோ படாத தூரத்தில்.

பேட்டரி போடுவதற்கு முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள், உரசல் இருக்கிறதா என்று. பிறகு பேட்டரி போட்டு, சக்கரம் தரையில் படாமல் வைத்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகுங்கள். சீராகச் சுற்றினால் சரி. நடுங்கினாலோ கர்கர் என்று திக்கினாலோ, அனேகமாக கனெக்டர் முழுதாக உட்காரவில்லை, அல்லது ஒரு ஊசி வளைந்திருக்கிறது. அப்படியே ஓட்டிவிடக் கூடாது.

முதல் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு தடவை ஸ்பேனரை வைத்துப் பார்க்க வேண்டும். அதோடு, நட்டின் மேலும் ஃபிரேமின் மேலும் சேர்ந்தாற்போல நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்துவிட்டால் போதும். நட்டு நகர்ந்தால் கோடு உடையும், கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. 26 அங்குல சக்கரத்தில் அச்சு தரையிலிருந்து சுமார் 33 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது, ஒரு அடியும் கொஞ்சமும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் நின்ற உயரம் இங்கே எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மோட்டார் மழையில் நனைவதைத் தாங்கும், முங்கிக் கிடப்பதைத் தாங்காது. தண்ணீர் ஒரு அடியைத் தொடுகிற தெருவில் சைக்கிளை மாடிப்படியில் ஏற்றிவிடுவதே நல்லது.

யார் கையில் ஸ்பேனர்?

இவ்வளவு எழுதியதைப் படித்தால் பெரிய வேலை மாதிரி தோன்றும். பழகிய கைக்கு அரை மணி நேரம். சாதா சைக்கிளைவிடக் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்றே விஷயம்: பேட்டரியை எடு, கனெக்டரைத் திருகாதே, கொக்கி வாஷரை விடாதே.

இந்த மூன்றையும் யார் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் கேள்வி. சாதனங்களைப் பழுதுபார்க்கிற உரிமை பற்றி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் ஒரு குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தது. கம்பெனிகள் பழுதுபார்க்கும் விவரங்களை அதில் தர வேண்டும் என்பது எண்ணம். நல்ல காரியம்தான். ஆனால் மரத்தடிக் கடைக்காரர் இணையதளம் பார்த்துத் தொழில் கற்றவர் இல்லை. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்தபோதும் எந்தக் கம்பெனியும் ஒவ்வொரு தெருமுனைக்கும் வந்து பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுக்கவில்லை. ஒருவர் செய்வதை இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், அவரிடமிருந்து அடுத்தவர். ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கரண்டு சைக்கிளுக்கும் அந்த வழிதான் வேகமான வழி. கம்பெனிகள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு: கொக்கி வாஷரின் படத்தை, கையேட்டின் எத்தனையோ பக்கங்களுக்கு நடுவில் புதைக்காமல், ஃபிரேமிலேயே அச்சுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கராக ஒட்டிவிடலாம். தமிழில் ஒட்டினால் இன்னும் நல்லது.

வாரண்டி போய்விடும் என்று சிலர் பயப்படுவார்கள். வாரண்டி அட்டையை ஒரு தடவை படித்துப் பாருங்கள். மோட்டாரைப் பிரிப்பது வேறு, சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றுவது வேறு. சந்தேகம் இருந்தால் வாங்கும்போதே கடையில் கேட்டு, அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டில் கரண்டு சைக்கிள் இருப்பவர்கள், பஞ்சர் ஆகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் இல்லாத நேரத்தில் வழக்கமான கடைக்கு ஓட்டிக்கொண்டு போய், அந்தக் கொக்கி வாஷரைக் காட்டிவிட்டு வாருங்கள். அவருக்கு ஒரு புது வருமானம், உங்களுக்கு அடுத்த தெருவிலேயே ஒரு சர்வீஸ் சென்டர். அவசரத்துக்கு உதவப்போவது அவர் கைதான்.